ஏழரை வருஷம் ரயில் இல்லாத ஊரில் ரயில் பாடம்

ஐந்து வயதுப் பிள்ளையிடம் போய், "1825-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவே..." என்று ஆரம்பித்தால், நாம் டார்லிங்டன் போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து ஓடியிருக்கும். அதன் மேல் குற்றமில்லை. அந்த வயதுக்கு இங்கிலாந்தும் தெரியாது, 1825-உம் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் ஊர்த் தண்டவாளமும் அதில் கூவிக்கொண்டு போகிற வண்டியும்தான். பாடத்தை அங்கிருந்து தொடங்கினால், டார்லிங்டனில் அந்த முதல் ரயிலை ஓட்டிய ஸ்டீவன்சன் தானாக வந்து சேர்வார். கொஞ்சம் லேட்டாக வருவார், ரயில்காரர்தானே.

நான் இருப்பது புளியரை. செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லைக்கு முந்தின ஊர். எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பகவதிபுரம். அதை விட்டால் மலை, மலைக்குள் குகை, குகையைத் தாண்டினால் ஆரியங்காவு. சில மாதங்களில் குகைக்கு இந்தப் பக்கம் சாரலும் அந்தப் பக்கம் அடைமழையுமாக இருக்கும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைக்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் தெருப் பிள்ளைகள் வந்துவிடுகின்றன. ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே பாயில். லீவு விட்டால் ஆரியங்காவில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாரின் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அதுகள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடத்தில், சண்டை போடுவது தமிழில்.

முதல் பாடத்தை நான் நடத்தவில்லை, தெருக்கோடி ஆச்சி நடத்தினார். கேள்வியை மட்டும் நான் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். "ரயில் முக்கியமா ஆச்சி?" என்று கேட்டால் "ஆமா மக்கா" என்று அதோடு முடிந்துவிடும். "ரயில் ஓடாம நின்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால்தான் கதை வரும்.

எங்கள் ஊரில் அது உண்மையாகவே நடந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ஓடிய மீட்டர்கேஜ் ரயிலை, அந்தக் குறுகலான பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள். மலையில் வேலை, மழை, குகை, பாலம் என்று இழுத்துக்கொண்டே போனது. 2018 மார்ச் கடைசியில்தான் மறுபடி ஒரு ரயில் மலை ஏறியது. முறையான தொடக்க விழா அந்த வருஷம் ஜூனில். இன்று என் பாயில் உட்காரும் பிள்ளைகளில் சின்னதுகள் எல்லாம் அதற்குப் பிறகு பிறந்தவை. அதுகளுக்கு ரயில் என்பது மலையைப் போல எப்போதும் அங்கேயே இருப்பது.

ஆச்சி சொன்னார்: "கணக்குப் போட்ட மாதிரி ஏழரை வருசம், ஏழரைச் சனியேதான். அதுக்கு முன்னால காலம்பற கூடையத் தூக்கிட்டு ஏறுனா, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் புனலூர்ல வித்துட்டு சாயந்தரம் திரும்பிருவேன். ரயில் நின்ன பொறவு பஸ்ல போனா, கூடைய ஏத்த வுடமாட்டாவ. ஏத்துனா லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டு. வித்த காசு டிக்கெட்டுக்கே சரியாப் போச்சு. கொஞ்ச நாள் பாத்தேன், வுட்டுட்டேன்."

"இப்பதான் ரயில் வந்துட்டேல்லா, ஏன் ஆச்சி போகல?" என்றான் ஒரு பயல்.

"இப்ப முட்டு வலிக்குல்லா."

திரும்பி வந்ததும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் எழுதினாள்: ரயில் நின்றால் ஆச்சிக்கு வியாபாரம் போய்விடும். ரயிலால் விளையும் நன்மைகள் என்று ஏழு வரி எழுதவைப்பதைவிட எனக்கு இந்த ஒரு வரி போதும்.

மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஒரு கதை கொண்டுவந்தன. ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட்டிருந்தவர் கடையைக் கட்டிவிட்டுத் திருப்பூர் போனது, அந்தப் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்தவர் மாதம் ஒரு தடவை பார்த்துவந்ததைத் தீபாவளிக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டது. உங்கள் ஊரில் ரயில் நின்றதே இல்லையே என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பயணிகள் ரயில் நின்றது. அந்தக் கதை இல்லாத வீடே கிடையாது. அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது காலம். சின்னப் பிள்ளைக்கு 1904-உம் 1853-உம் ஒன்றுதான், இரண்டுமே 'ரொம்ப நாளைக்கு முன்னால'. இதற்கு நான் கண்ட வழி கயிறு. கொடிக்கயிற்றை இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கட்டி, ஒரு சாணுக்குப் பத்து வருஷம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு முனை இன்று. துணிக்கு மாட்டும் கிளிப்பில் சீட்டைக் கோத்து ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். முதல் சாணுக்குள்ளேயே அவர்கள் பிறந்த வருஷம் வந்துவிடும். அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் வாடும், இவ்வளவுதானா நான் என்று. பிறகு அப்பா, ஆச்சி. ஆச்சியைத் தாண்டி ஏழாவது சாணில் 1956 நவம்பர் 1, செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த நாள். செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. பார்த்த பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு சாண் தாண்டியதும் எங்கள் ரயில்: 1904. பதினேழாவது சாணில் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம்: 1856. அதையொட்டியே, நாலு விரல் தள்ளிக்கூட இல்லை, பம்பாய்: 1853. இருபதாவது சாணில்தான் ஸ்டாக்டன்-டார்லிங்டன். இன்னும் இரண்டு சாண் தாண்டினால் 1804, டிரெவிதிக் என்பவரின் நீராவி எஞ்சின் வேல்ஸில் இரும்பு ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியது. சீட்டு அதோடு தீர்ந்துவிடும். மிச்சக் கயிறைக் காட்டி, "இதுக்கு முன்னால?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்: மாட்டுவண்டி, குதிரை, நடை.

தேதி மனப்பாடம் ஆகவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆச்சிக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்தால் ஒன்றாம் வகுப்புக்குப் போதும். பெரியவர்களே பலர் ஸ்டீவன்சனுக்கும் டிரெவிதிக்குக்கும் நடுவே தடுமாறுகிறோம்.

1904-க்கு மட்டும் கதை வேண்டும், ஏனென்றால் அது நம் கதை. கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணமும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்ட பாதை இது. கொல்லம் பக்கம் தண்டவாளம் தயார், ஆனால் நடுவில் மலை வேலை முடியவில்லை. எஞ்சினை எப்படி அந்தப் பக்கம் கொண்டுபோவது? இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒன்று ஹெலிகாப்டர் என்றது. இன்னொன்று யானை என்றது. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. உண்மையில் எஞ்சினைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய் அங்கே பூட்டினார்கள். முதல் ரயில் கொல்லத்துக்கும் புனலூருக்கும் நடுவே ஓடியது. புகை கக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஜனங்கள் 'தூமசகடாசுரன்' என்று பெயர் வைத்தார்களாம், புகைவண்டி அசுரன். நாத்தனார் மகன் இந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து ஒரு வாரம் அசுரனாகவே திரிந்தான். அந்த வருஷம் நவம்பரில் குகையும் பாலமும் முடிந்து செங்கோட்டை வரை பாதை சேர்ந்தது.

பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள குகை முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் சுமார் நூறு மீட்டர் நீளத்தில், கருங்கல் வளைவுகள். அகலப் பாதை போட்டபோதும் அந்த வளைவுகளை இடிக்காமல் வலுப்படுத்தி அதன் மேலேயே தண்டவாளம் போட்டார்கள். ஆகவே நூற்றிருபது வருஷத்துக்கு முந்தின கல்லின் மேல்தான் இன்றும் ரயில் போகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்வேன்: ஜேசிபி இல்லாத காலத்தில் இந்த மலையைக் குடைந்தது யார்? ராஜா பெயர் புத்தகத்தில் இருக்கும், இன்ஜினியர் பெயர் தேடினால் கிடைக்கும். கூடை சுமந்தவர், உளி அடித்தவர் பெயர் எதிலும் இல்லை. அவர்களில் சிலருடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்தப் பாயிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

வரலாற்றைவிட எங்கள் பிள்ளைகளை முதலில் உறுத்தியது வேறொன்று. மலை ஏறும் ரயிலுக்கு முன்னாலும் ஒரு எஞ்சின், பின்னாலும் ஒரு எஞ்சின். "அக்கா, ரயிலுக்கு ரெண்டு தலையா?" பின்னால் இருப்பது தள்ளிவிடுகிற எஞ்சின், பேங்கர் என்பார்கள். ஏன் தள்ளவேண்டும்? ஏனென்றால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அதிக உரசல் இல்லாமல் உருண்டு ஓடும். அதுதான் ரயிலின் பலம், கொஞ்சச் சக்தியில் மலைபோல் பாரம் இழுக்கலாம். ஏற்றத்தில் அதுவே பலவீனம், பிடிப்பு இருக்காது. அதற்காக எஞ்சினில் மணல் பெட்டி உண்டு, வழுக்கும் இடத்தில் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவிக்கொண்டே போகும். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு மணலா என்று பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். மழை பெய்த வழுக்குப் பாறையில் ஏறும்போது நாம் என்ன செய்வோம் என்று கேட்டால் நம்பிவிடுவார்கள்.

இதைவிட நன்றாக எடுபட்ட செய்முறை பேப்பர் டம்ளர். டீக்கடையில் கிடைக்கும் அதே டம்ளர்தான், வாய் அகலம், அடி குறுகல். இரண்டை எடுத்து, வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். நடுப்பாகம் பருத்து, இரண்டு ஓரமும் சிறுத்து இருக்கும். இன்னும் இரண்டை அடியோடு அடி சேர்த்து ஒட்டுங்கள். இதில் நடு சிறுத்து ஓரம் பருத்திருக்கும். இரண்டு மூங்கில் குச்சியை டம்ளர் ஜோடியின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைந்த இடைவெளியில் இணையாக வைத்து, ஒரு பக்கம் செங்கல் கொடுத்து லேசாகச் சரித்துவிடுங்கள். இப்போது உருட்டுங்கள். நடு பருத்தது, கோணலாக வைத்துவிட்டாலும் இப்படியும் அப்படியும் ஆடித் தன்னைத்தானே நேராக்கிக்கொண்டு கடைசி வரை போகும். நடு சிறுத்தது ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துவிடும்.

ரயில் சக்கரமும் அப்படித்தான். பார்க்க உருளையாகத் தெரிந்தாலும் உள்பக்கம் கொஞ்சம் பெரிது, வெளிப்பக்கம் கொஞ்சம் சிறிது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை. வண்டி இடது பக்கம் நகர்ந்தால் இடது சக்கரத்தின் பெரிய பாகம் தண்டவாளத்தில் ஏறும், அது ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், வண்டி தானாக வலது பக்கம் திரும்பும். உள்ஓரத்தில் தெரியும் விளிம்பு அதற்கும் மேல் ஒரு காவல். "அப்ப டிரைவருக்கு ஸ்டியரிங் கிடையாதா?" என்று ஒருவன் கேட்டான். கிடையாது. இந்த ஒரு தகவலுக்கு அன்றைக்குத் தெருவில் கிடைத்த வரவேற்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "ரயிலுக்கு ஸ்டியரிங் உண்டா இல்லையா?" என்று பரீட்சை வைத்திருக்கிறான். பாதி அப்பாக்கள் பெயில்.

டம்ளர் ரயிலுக்குப் பெயர் வைக்கச் சொல்லலாம். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய ரயிலில் 14 பெட்டி, சுமார் 400 பேர். இழுத்தவை மூன்று எஞ்சின்கள். அவற்றின் பெயர் சாகிப், சிந்து, சுல்தான். கிளம்பும்போது 21 பீரங்கிக் குண்டு முழங்கியது. எங்கள் பிள்ளைகள் டம்ளருக்கு வைத்த பெயர்களை இங்கே எழுதினால் சில நடிகர்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மீட்டர்கேஜ், அகலப் பாதை என்று சொல்கிறோமே, அதை அளந்து காட்டவேண்டும். மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர், அகலப் பாதை 1676. இரண்டு கயிறை அந்தந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மீட்டர்கேஜைத் தாண்டிவிடும். அகலப் பாதை அளவுக்கு யாரும் உயரமில்லை, நானும் அதைவிடக் குட்டைதான். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு இந்தச் சுவரே பதில். அகலமான பாதையில் பெரிய பெட்டி, அதிக பாரம். அதோடு, மீட்டர்கேஜில் வந்த சரக்கை அகலப் பாதை ஊரில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றவேண்டிய தலைவலியும் இல்லை.

இந்தக் கயிறு வேலையைத் தரையில் செய்யாதீர்கள். கோடு போட்டுக் குறுக்கே படுக்கச் சொன்னால் அளவு இன்னும் நன்றாகத்தான் புரியும். ஆனால் தண்டவாளத்துக்குக் குறுக்கே படுப்பது ஒரு விளையாட்டு என்று எந்தப் பிள்ளை மனசிலும் பதியக்கூடாது, சாக்பீஸ் தண்டவாளமானாலும் சரி.

என் மாமா, அதாவது மாமனார், மீட்டர்கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷனில் ரயிலைத் தடம் மாற்றிவிடுகிற வேலை. அவரை ஒரு சாயங்காலம் பாயில் உட்காரவைத்தேன். ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக ரயில், முட்டிக்கொள்ளாமல் எப்படி ஓட்டினார்கள்? பிரம்பு வளையத்தில் ஒரு பை தொங்கும், பைக்குள் டோக்கன். அந்த டோக்கன் கையில் இருக்கும் டிரைவர்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் கம்பி வழியாக ஒன்றோடொன்று பூட்டியவை. ஒரு நேரத்தில் ஒரு டோக்கனுக்கு மேல் வெளியே வராது. நிற்காமல் போகும் ரயிலுக்கு மாமா வளையத்தைத் தூக்கிப் பிடிப்பார், எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். "மழையில பிடிக்கும்போது கை விண்ணுன்னு தெறிக்கும். விட்டுட்டோம்னா ரயில நிறுத்தணும், ஸ்டேஷன் மாஸ்டர் நம்மளத் திங்கணும்."

அன்றிலிருந்து டோக்கன் விளையாட்டு. சைக்கிள் டியூபில் ஒரு வளையம். இரண்டு மரம், இரண்டு ஸ்டேஷன். நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. வளையம் கையில் இருக்கும் கூட்டம் மட்டும் ஓடலாம். போய்ச் சேர்ந்ததும் வளையத்தை அங்கே காத்திருக்கும் கூட்டத்திடம் கொடுக்கவேண்டும். இல்லாமல் ஓடினால் அவுட். விதி இவ்வளவுதான், ஆனால் ஓடத் துடிக்கும் ஒரு பிள்ளை, எதிரே ஆள் வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தும், வளையம் இல்லை என்பதற்காக நிற்கிறது பாருங்கள், அதைப் பிரசங்கம் பண்ணி வரவழைக்க முடியாது. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிவிட்டார். வேலையில் இருந்தபோது கிடைக்காத பதவி.

சிரிக்கவைக்க ஒரு கதை கையிருப்பில் இருக்கட்டும். எங்கள் பக்கம் பலாப்பழ சீசனில் சொல்ல வாகானது. 1909-இல் வங்காளத்தில் ஒகில் சந்திர சென் என்பவர் பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ரயில் ஏறினார். வயிறு உப்பி, ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். இவர் ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, விழுந்து, பிளாட்பாரத்து ஆண் பெண் அத்தனை பேருக்கும் காட்சி கொடுத்து, ரயிலையும் விட்டுவிட்டார். கோபத்தில் ரயில்வே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலத்தில் சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கக்கூஸ் கிடையாது. கக்கூஸ் வந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் இதை நடித்தே காட்டும். சிரித்து முடிந்த பிறகு, புகார் எழுதத் தெரிந்தால் என்ன நடக்கும் பார்த்தீர்களா என்று ஒரு வரி. அதற்கு மேல் நீட்டவேண்டாம்.

நாலு, ஐந்து படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கடிகாரக் கதை. முன்னே பம்பாய்க்கு ஒரு மணி, கல்கத்தாவுக்கு ஒரு மணி, அந்தந்த ஊர்ச் சூரியன்படி. ஆனால் ரயிலுக்கு எல்லா ஊரிலும் ஒரே மணி வேண்டுமே? அதற்காக ரயில்வே சென்னை நேரத்தைப் பிடித்துக்கொண்டது. 1906 ஜனவரி 1-இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது. சின்னதுகளுக்கு இது ஏறாது, விட்டுவிடுங்கள்.

கசப்பான விஷயங்களை என்ன செய்வது? வெள்ளைக்காரன் ரயில் போட்டது நமக்காக அல்ல, பஞ்சையும் படையையும் வேகமாகக் கொண்டுபோக. 1876-78 பெரும் பஞ்சத்தில் ரயில் வழியாகத் தானியம் வந்தது, பஞ்ச ஊர்களிலிருந்தே வெளியேயும் போனது. இதை ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். ரயில் நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்பது யார் கையில் டோக்கன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றால் அவர்களுக்குப் புரிகிறது. வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், சிலை ஊரிலேயே இருக்கிறது, மணியாச்சி ஸ்டேஷனுக்கு அவர் பெயர். பெரிய பிள்ளைகள் கேட்டால், 1911-இல் அந்த ஸ்டேஷனில் அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டதைச் சொல்வேன். ஒன்றாம் வகுப்புக்குத் துப்பாக்கிக் கதை வேண்டாம்.

இன்றைக்கும் ரயில் எதற்கு, எல்லார் வீட்டிலும் வண்டி இருக்கிறதே என்று கேட்ட பயலுக்குத் தண்ணீர் ரயிலைச் சொன்னேன். 2019-இல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஒரே ரயிலில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற தண்ணி லாரி பத்தாயிரம் லிட்டர். எத்தனை லாரி வேண்டும் என்று கணக்குப் போடவிட்டேன். இருநூற்றைம்பது என்று வந்ததும், அதை வரிசையாக நிறுத்தினால் எதுவரை வரும் என்று அவர்களே தெருவில் அடி வைத்து அளக்கப் போனார்கள்.

கடைசியில் பயணம். கடைசியில்தான் வைத்துக்கொள்ளவேண்டும், முதலிலேயே கூட்டிப்போனால் அது பிக்னிக். எங்கள் வழியில் நான் கண்ட ஒரு நுணுக்கம்: போகும்போது பஸ், வரும்போது ரயில். ரயிலிலேயே போனால் பதிமூன்று கண் பாலம் தெரியாது. நாம் அதன் மேல்தானே இருப்போம். பஸ் ரோடு அதை ஒட்டிப் போகிறது, ஒவ்வொரு கண்ணையும் எண்ணலாம். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தூக்குப் பாலத்தையும் பார்த்துவிட்டு, அங்கே ரயில் ஏறினால் மலை ஏற்றம் முழுக்கக் கிடைக்கும், பின்னால் தள்ளும் எஞ்சினும் கிடைக்கும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் பாதி டிக்கெட். அந்தப் பாதி டிக்கெட்டைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள், தொலையாது.

ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. ஒருத்தி குகையை எண்ணுவாள், ஒருத்தன் பாலம், இன்னொருத்தன் ஸ்டேஷன் பெயர். மலையாள எழுத்தை வாசிக்க நாத்தனார் மகன். இடமண், ஒற்றைக்கல், தென்மலை, கழுதுருட்டி, இடப்பாளையம், ஆரியங்காவு என்று அவன் கத்தக் கத்த மற்றவர்கள் எழுதினார்கள். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒரு எண் இருக்கும், பெரியவர்களே கவனிப்பதில்லை. அதைக் குறிக்கச் சொன்ன பிள்ளைதான் அன்றைக்கு ராஜா. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எண் கூடிக்கொண்டே போனது, ஆரியங்காவு வந்ததும் "அக்கா, நாம மலை மேல ஏறிட்டோம், எழுதியே போட்டிருக்கு" என்றான்.

கதவோரம் யாரும் உட்காரக்கூடாது, ஜன்னல் வழியாகக் கை நீட்டக்கூடாது, குகைக்குள் மட்டும் கத்தலாம். இந்தப் பாதையில் இப்போது மின்கம்பி ஓடுகிறது, 25,000 வோல்ட். தொட வேண்டாம், கிட்டப் போனாலே இழுத்துவிடும். அந்தப் பக்கம் பட்டமும் கூடாது, பெட்டி மேலே ஏறுவதும் கூடாது என்பதைப் பெரிய பையன்களிடம் பயணத்துக்கு முன்பே கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு கட்டும்போது புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ போதும், வாழைப்பழம் மட்டும் வேண்டாம். தென்மலை ஸ்டேஷனில் குரங்குகள் நம்மைவிடச் சீக்கிரம் ஜன்னலுக்கு வந்துவிடும். மறுநாள் ரயிலை வரையச் சொன்னபோது பாதிப் பேர் வரைந்து கொண்டுவந்தது பழத்தோடு ஓடுகிற குரங்கைத்தான்.